கண்டதும் கருதியதும்: புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் காந்தப் படங்களும் அளவையியலும்

அறிவு எந்த வழியாக வருகிறது, வந்த அறிவு மெய் என்பதற்கு எது உறுதி என்னும் இரண்டு வினாக்களையும் இந்தியத் தத்துவ மரபுகள் அளவையியல் என்ற தனித் துறையாகவே வளர்த்தன. நெல்லை அளக்க மரக்கால் வேண்டுவதுபோல உண்மையை அளக்கவும் ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணமே அளவை என்ற சொல்லில் உறைந்திருக்கிறது. மணிமேகலையில், காப்பியத் தலைவி வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும் காதை பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அவ்வாறு விரிந்தவற்றையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கினார். புலன் நேரே பற்றுவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோலக் கண்டதிலிருந்து காணாததை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. இன்று ஒரு முதியவரின் புராஸ்டேட் சுரப்பியை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து, திரையிலுள்ள ஒரு கரும்புள்ளியைச் சுட்டி, இதுதான் புற்று என்று மருத்துவர் சொல்லும்போது அங்கே நிகழ்வது இம்மூன்றில் எது என்ற வினாவுக்குச் சொல்லப்படும் விடையைப் பொறுத்தே, அடுத்து அம்மனிதரின் உடலில் ஊசி இறங்குமா, கத்தி படுமா என்பது முடிவாகிறது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து, ஆண்களுக்கு மட்டும் அமைந்த ஒரு சுரப்பி. அதன் பின்புறமும் ஓரங்களும் சேர்ந்த பகுதி புறமண்டலம் எனப்படும்; இங்கு தோன்றும் புற்றுகள் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. குழாயை ஒட்டிய உட்பகுதி இடைமண்டலம் எனப்படும். வயதாகும்போது புற்றல்லாத வீக்கம் பெரும்பாலும் இங்குதான் உண்டாகி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் தருகிறது. இந்நோயின் தனித்தன்மை அதன் இரட்டை முகம். ஒரு வகை எலும்பு வரை பரவிக் கடும் வலி தந்து உயிரைப் பறிக்கிறது; மற்றொரு வகை, அது உடலில் இருப்பதே தெரியாமல், வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் பிணப் பரிசோதனையில் மட்டும் வெளிப்படுகிறது. ஆகவே இங்கு 'நோய் இருக்கிறதா' என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடை மட்டும் போதாது. இருப்பது எத்தகையது என்பதும் தெரிந்தாக வேண்டும். பெரும்பாலான நோய்களில் ஒன்றாகவே கலந்திருக்கும் இவ்விரு வினாக்களையும் பிரித்துப் பார்க்கும்படி இந்தச் சிறு சுரப்பி மருத்துவத்தைக் கட்டாயப்படுத்தியது.

பல ஆண்டுகளாக இத்தேடல் கருதலை மட்டுமே நம்பியிருந்தது. பி.எஸ்.ஏ. என்பது இச்சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். குருதியில் அதன் அளவு உயர்ந்தால் சுரப்பியில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். 1994இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அச்சோதனையைப் புற்றைக் கண்டறிய உதவும் கருவியாக ஏற்றது. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற எல்லை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. ஆனால் வீக்கமும் அழற்சியும் அவ்வளவை உயர்த்தக்கூடியவை. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலோ, அளவு 4க்கு மேற்படாத ஆண்களிலும் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் திசுவில் புற்று இருந்தது தெரிந்தது. நியாய மரபினரான நையாயிகர்களின் மொழியில் சொன்னால், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள விட்டு நீங்காத உடனிகழ்ச்சி இங்கு இல்லை. நெருப்பின்றியும் புகை எழுகிறது, புகையின்றியும் நெருப்பு கனல்கிறது. இத்தகைய தளர்ந்த ஏதுவை நம்பி, அடுத்த படியாக மலக்குடல் வழியே ஒலியலைக் கருவியைச் செலுத்தி, பத்து அல்லது பன்னிரண்டு இடங்களில் ஊசியால் திசு எடுத்தார்கள். ஒலியலைப் படம் சுரப்பியைக் காட்டியதே தவிரப் புற்றைப் பெரும்பாலும் காட்டவில்லை. எனவே அந்த ஊசிகள் நிகழ்தகவை நம்பிக் குத்தப்பட்டவை. கொடிய புற்றுக்கு அருகிலேயே சென்று அதைத் தவறவிட்ட ஊசிகளும் உண்டு. ஒருவருக்கு ஒருபோதும் தீங்கு செய்திராத சிறு புற்றைத் தற்செயலாகத் தொட்டு, அவரை நோயாளியாக்கிய ஊசிகளும் உண்டு.

இந்த இருட்டுக்குள் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் வந்தபோது, கருதலின் காலம் முடிந்து காட்சியின் காலம் பிறந்துவிட்டது என்று பலரும் நம்பினர். அந்நம்பிக்கை எவ்வளவு சரியானது என்பதை அறிய, படம் உருவாகும் முறையைப் பார்க்க வேண்டும். 1973இல் பால் லாட்டர்பர் முதன்முதலாகக் காட்டி, பீட்டர் மான்ஸ்ஃபீல்டு வளர்த்தெடுத்து, 2003இல் இருவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த இம்முறையில், உடலை ஊடுருவிப் பார்க்கும் கண் எதுவும் இல்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒருமுகப்படுகின்றன; 3 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் அவை நொடிக்குச் சுமார் 12.8 கோடி முறை என்ற வேகத்தில் தலையாட்டிச் சுழல்கின்றன. ரேடியோ அலையால் அவற்றைச் சற்றே கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்கு மீளும்போது எழும் மெல்லிய மின்காந்தக் குறிகளைக் கம்பிச்சுருள் பிடிக்கிறது. கணிதத்தின் வழியே கணினி அக்குறிகளைப் புள்ளி புள்ளியாக இடம் சேர்த்துச் சாம்பல் நிறப் படமாக்குகிறது. எனவே கண் காண்பது திரையை. திரை காட்டுவது கணக்கின் முடிவை. கணக்கு தொடங்குவது நீரணுக்களின் நடத்தையில். அந்நடத்தையிலிருந்து திசுவின் அமைப்பும், அமைப்பிலிருந்து நோயும் உய்த்துணரப்படுகின்றன. படம் காட்சியின் ஆடையணிந்த கருதல் என்பதே சரியான விவரிப்பு. இதனால் அதன் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் காட்சிக்குத் தரும் ஐயமற்ற நம்பிக்கையை அதற்கு முன்கூட்டியே தந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இதிலிருந்து பிறக்கிறது.

இவ்வாறு பார்த்தால்தான் எம்.ஆர்.ஐ. முறைகளுக்கிடையே உள்ள வேறுபாடும் விளங்கும். அவை ஒரே பொருளை எடுத்த தெளிவான படமும் மங்கலான படமும் அல்ல. ஒரே திசுவிடம் வெவ்வேறு வினாக்களைக் கேட்பவை. டி2 எனப்படும் படம், கலைந்த அணுக்கருக்கள் தம்முள் இசைவை இழக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கிறது. நீர் நிறைந்த நுண்குழல்களால் ஆன நல்ல புறமண்டலம் அதில் வெண்மையாகத் தெரிகிறது. குழல்கள் அழிந்து உயிரணுக்கள் நெருங்கிய புற்று கருமையாகத் தெரிகிறது. ஆனால் பழைய அழற்சியும், முந்தைய ஊசிகளால் தேங்கிய குருதியும் அவ்வாறே கருமை காட்டுகின்றன. அந்தி வேளையில் தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தடுமாறும் அறிவை அளவை நூல்கள் ஐயக்காட்சி என்று பிரித்து வைத்தன. டி2 படத்துக் கருமை பல நேரங்களில் அத்தகையதே. குருதியா என்று தெளிய, குருதியை வெண்மையாகக் காட்டக்கூடிய டி1 என்ற வேறொரு படம் துணைக்கு வருகிறது.

பரவல் படம் கேட்கும் வினா வேறு: நீரின் மூலக்கூறுகள் தம் இயல்பான அலைவில் எவ்வளவு தொலைவு செல்ல முடிகிறது? திறந்த வெளியில் நீர் தடையின்றி அலையும். உயிரணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் புற்றில் அது முட்டி மோதி நிற்கும். பி-மதிப்பு எனப்படும் அளவு கூடக் கூட இவ்வேறுபாட்டைக் கருவி நுட்பமாக உணர்கிறது. இன்றைய நெறிமுறை அவ்வெண் 1400 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. அப்படத்தில் புற்று ஒளிர்கிறது. ஆனால் டி2 இயல்பாலேயே ஒளிமிக்க திசு, பரவல் தடைப்படாவிட்டாலும் அங்கே ஒளிர்ந்து பார்ப்பவரை ஏமாற்றக்கூடும். கயிற்றைப் பாம்பென்று ஐயமறத் துணிவதைத் திரிவுக்காட்சி என்றனர், இது அதுவே. இப்பிழையைக் களைய, வெவ்வேறு பி-மதிப்புகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பரவலை மட்டும் கணக்கிடும் ஒரு வரைபடம் வரையப்படுகிறது. அதில் புற்று கருமையாகத் தெரியும். அவ்வளவுக்கு இயற்பியலாளர் சூட்டிய பெயர் 'தோற்றப் பரவல் கெழு'. அளக்கப்படுவது உண்மையான பரவல் அன்று, பரவலாகத் தோன்றுவது மட்டுமே என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட அந்த அறிவு நேர்மை பாராட்டத்தக்கது.

மூன்றாவது முறை கடோலினியம் என்ற உலோகச் சேர்மத்தைக் குருதி நாளத்தில் செலுத்தி, அது சுரப்பியில் பாய்ந்து வடிவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுப்பது. புற்று தனக்கெனப் புதிய நாளங்களை வளர்த்துக்கொள்வதால் அங்கே சேர்மம் விரைந்து வந்து நிறைகிறது என்பது இதன் அடிப்படை. நான்காவதாக, சிட்ரேட் குறைந்து கோலின் கூடியிருக்கிறதா என்று வேதியியல் குறியைத் தேடும் நிறமாலை முறையும் ஒரு காலத்தில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. நேரம் மிகுதியாகப் பிடித்ததாலும் செய்வது கடினமாக இருந்ததாலும் அன்றாட நடைமுறையிலிருந்து அது விலகிவிட்டது.

பல அளவைகள் ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு செய்தி சொன்னால் எதற்குத் தலைமை தருவது? தத்துவவாதிகள் காலம் காலமாக வாதிட்ட இவ்வினாவைக் கதிரியல் மருத்துவர்களும் எதிர்கொண்டனர். அவர்களது விடை பை-ராட்ஸ் என்ற மதிப்பீட்டு முறை. 2012இல் ஐரோப்பாவில் தோன்றி, 2015இலும் 2019இலும் திருத்தப்பட்டது. ஐயத்துக்குரிய ஒவ்வோர் இடத்துக்கும் 1 முதல் 5 வரை அது எண் தருகிறது: 1 என்றால் கொடிய புற்று இருக்க வாய்ப்பு மிக அரிது, 5 என்றால் மிகப் பெரிது. அதன் நுட்பம், தலைமையை இடத்துக்கேற்ப மாற்றியதில் இருக்கிறது. புறமண்டலத்தில் பரவல் படம் சொல்வதே முதன்மை. இடைமண்டலத்தில் புற்றல்லாத வீக்கக் கணுக்களும் நீரின் பரவலைத் தடுப்பதால், அங்கே உருவமைப்பைக் காட்டும் டி2 படத்துக்கே முதலிடம். கரித்துண்டால் வரைந்த கோடுகளை விரலால் தேய்த்துக் கலைத்ததுபோல எல்லை மங்கிய கருமை அங்கே புற்றின் அடையாளம் என்கின்றனர். உவமையை ஓர் அளவையாக ஏற்ற மரபினர்க்கு, நோயறிதலின் மையத்திலேயே உவமை ஒன்று அமர்ந்து வேலை செய்வது வியப்பளிக்காது. கடோலினியப் படத்துக்கோ மிகச் சிறிய பங்கு மட்டுமே விடப்பட்டது: புறமண்டலத்தில் 3 என்று ஐயத்தில் நிற்பதை 4 என்று உயர்த்துவதற்கு அது பயன்படும், அவ்வளவே.

எண் 3 தனியே சிந்திக்கத்தக்கது. உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல இயலாத நிலைக்கு ஒரு பெயர் தந்து, அதை மறைக்காமல் அறிக்கையில் எழுத வைத்தது இம்முறையின் பெரிய அறிவுச் சாதனை. ஐயம் அறிவின் குற்றம் என்று நூல்கள் வகுத்தாலும், ஐயத்தை ஐயமென்றே அறிவது குற்றம் ஆகாது.

படம் ஊசியைவிட மேலானதா என்பதை இங்கிலாந்தில் நடந்து 2017இல் வெளியான புரோமிஸ் ஆய்வு சோதித்தது. 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., பழைய முறைத் திசுப் பரிசோதனை ஆகிய இரண்டும் செய்யப்பட்டன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல, சுரப்பி முழுவதையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் துருவிய மூன்றாவது சோதனை உரைகல்லாக வைக்கப்பட்டது. பொருட்படுத்த வேண்டிய புற்று உள்ளவர்களில் 93 விழுக்காட்டினரைப் படம் இனங்கண்டது. பழைய ஊசிமுறை 48 விழுக்காட்டினரை மட்டுமே கண்டது. ஆனால் அத்தகைய புற்று இல்லாதவர்களை இல்லை என்று சரியாக விலக்கியதில் படம் 41 விழுக்காடு, ஊசி 96 விழுக்காடு. படம் எளிதில் ஐயுறும். ஊசி எளிதில் தவறவிடும். இவ்விரண்டில் எது மேல் என்பதை எண்களால் மட்டும் தீர்க்க இயலாது. வீணாக அஞ்சுவதும் வீணாக அமைதி கொள்வதும் ஆகிய இரு தீங்குகளில் எது பெரிது என்ற அறவியல் முடிவு அதற்குத் தேவைப்படுகிறது.

அதே ஆய்வில் 158 பேரின் படங்கள் ஐயத்துக்கு இடமில்லை என்றன. அவர்களுள் 17 பேரிடம் பொருட்படுத்த வேண்டிய புற்று இருந்தது. இன்மையை அறிவது எப்படி என்ற பழைய வினா இங்கே உயிர் பெறுகிறது. தரையில் குடம் இல்லை என்பதைக் கண் எப்படி அறிகிறது? வேத விளக்க மரபினரான பாட்ட மீமாஞ்சகர் இதற்கென்றே அபாவம் என்ற தனி அளவையை ஏற்றனர். பௌத்தத் தருக்கவாதிகள் அதைக் கருதலுள் அடக்கினர். ஆயினும் ஒரு நிபந்தனையில் ஒத்துப்போயினர்: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால்தான், அது புலப்படாமை அதன் இன்மையைக் காட்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. குடலில் தேங்கிய காற்றால் பரவல் படம் சிதைந்திருந்தாலோ, நோயாளி அசைந்ததால் டி2 படம் கலங்கியிருந்தாலோ, 'புற்று தென்படவில்லை' என்ற வாசகத்துக்கு இருட்டறையின் மதிப்பே உண்டு. 2020இல் முன்மொழியப்பட்ட பை-குவால் என்ற மதிப்பீடு நோயை விட்டுவிட்டுப் படத்தின் தரத்தையே மதிப்பெண்ணிட்டது இக்காரணத்தால்தான். நோயைப் பற்றிய எண்ணைவிட இது முன்னதாகவே எழுதப்பட வேண்டிய எண்.

2018இல் வெளியான பிரிசிஷன் ஆய்வு வினாவை மேலும் ஆழத்துக்குக் கொண்டுசென்றது. 11 நாடுகளில் 500 ஆண்கள் இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓர் அணியினருக்குப் பழைய ஊசிமுறை, மற்ற அணியினருக்கு முதலில் படம், படத்தில் ஐயம் எழுந்த இடத்தில் மட்டும் ஊசி. பட அணியில் 38 விழுக்காட்டினரிடமும் ஊசி அணியில் 26 விழுக்காட்டினரிடமும் பொருட்படுத்த வேண்டிய புற்று கண்டறியப்பட்டது. பொருட்படுத்த வேண்டாத சிறு புற்று கண்டறியப்பட்டதோ பட அணியில் 9 விழுக்காடு, ஊசி அணியில் 22 விழுக்காடு. படத்தின் நன்மையில் பாதி அது காட்டியதில் இருக்கிறது. மறுபாதி அது காட்டாமல் விட்டதில் இருக்கிறது. உள்ளதைக் காணாமை குறை என்றே அறிவியல் எப்போதும் கருதும். இங்கே, இருந்தும் தீங்கு செய்யாததைக் காணாமல் விடுவது கருவியின் சிறப்பாகிவிட்டது.

7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தருக்க ஆசிரியர் தர்மகீர்த்தியின் விளக்கம் இவ்விடத்தில் வேறெதைவிடவும் தெளிவு தருகிறது. மெய்யறிவு என்பது, அதை நம்பிச் செயலில் இறங்குபவரை அவர் நாடிய பயனில் ஏமாற்றாத அறிவு என்று அவர் கொண்டார். கானல் நீர் பொய்யாவது, அது தாகம் தீர்க்காததால். இவ்வளவுகோலால் அளந்தால், ஒருவர் சுரப்பியில் உள்ள ஒவ்வொரு புற்றணுவையும் காட்டும் படம் மிக உயர்ந்த அறிவாகிவிடாது. அதை நம்பி அறுவை செய்துகொண்டவர் நீண்ட ஆயுளைப் பெறாமல், சிறுநீர் அடக்க முடியாமையையும் ஆண்மைக் குறைவையும் மட்டும் பெற்றால், அந்த அறிவு அவரை ஏமாற்றியதாகவே ஆகும். ஆனால் இங்கு ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. 'பொருட்படுத்த வேண்டிய புற்று' எது என்று யார் வகுப்பது? அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்டு கிளீசன் 1960களில் வகுத்த முறையில், திசுவின் ஒழுங்குச் சிதைவு இரு எண்களின் கூட்டாகக் குறிக்கப்படுகிறது. பிரிசிஷன் ஆய்வு 3+4 முதலே பொருட்படுத்த வேண்டும் என்றது. புரோமிஸ் தன் முதன்மை வரையறையில் 4+3 அல்லது 6 மில்லிமீட்டர் நீளம் என்று கோடு போட்டது. 3+4 என்ற மதிப்புடன் 3 மில்லிமீட்டர் புற்றுள்ள ஒருவர் ஓர் ஆய்வில் நோயாளி, மற்றதில் அல்லர். அவர் உடலில் எதுவும் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது. எனவே அச்சொல், இயற்கையில் கண்டெடுத்த உண்மையைப் போல ஒலித்தாலும், மனிதர் கூடி எடுத்த ஒரு மதிப்பு முடிவு. முடிவெடுப்பது தவறன்று, அது முடிவு என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இயற்கையின் தீர்ப்பாகக் காட்டுவதே தவறு.

முறைகளின் ஒப்பீட்டில் அண்மைய கேள்வி, கடோலினியம் தேவையா என்பது. டி2, பரவல், கடோலினியம் ஆகிய மூன்றும் சேர்ந்ததைப் பல்லளவைப் படம் என்றும், கடோலினியம் இல்லாததை ஈரளவைப் படம் என்றும் சொல்லலாம். முன்னதற்கு அரைமணி முதல் முக்கால்மணி நேரம் வரை ஆகும். பின்னதற்கு அதில் ஏறத்தாழ பாதி போதும், மருந்தேற்றும் ஊசியும் வேண்டாம், மருந்துச் செலவும் இல்லை. 2025இல் வெளியான பிரைம் ஆய்வில், 12 நாடுகளைச் சேர்ந்த 490 ஆண்களின் படங்கள் முதலில் கடோலினியம் இன்றியும் பின்னர் அதனுடனும் படிக்கப்பட்டன. முதல் வாசிப்பில் 143 பேரிடமும் இரண்டாவதில் 145 பேரிடமும் பொருட்படுத்த வேண்டிய புற்று கண்டறியப்பட்டது. சான்றுகளைக் குவிப்பதே அறிவு என்ற எண்ணத்துக்கு இது தெளிவான மறுப்பு. பத்து அளவைகளையும் மூன்றில் அடக்கிய அருணந்தியார், மற்றவை பொய் என்று தள்ளவில்லை. அவை தரும் அறிவு இம்மூன்றிலேயே கிடைத்துவிடுகிறது என்றார். கடோலினியத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். ஆனால் பிரைம் ஆய்வில் பங்கேற்ற மையங்களின் படத்தரம் முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. இரண்டு சாட்சிகள் போதும் என்பது, அவ்விருவரும் கண்ணுள்ள சாட்சிகளாக இருக்கும்போதுதான்.

படம் எடுக்கப்பட்ட பின் நோயாளியை அடைவது படம் அன்று, உரை. அவர் ஒரு தாளில் எழுதப்பட்ட சொற்களை நம்புகிறார். உரையின் மதிப்பு உரைப்பவரின் தகுதியைச் சார்ந்தது என்பது அளவை மரபின் முடிபு. பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்ததை உள்ளபடி சொல்பவராகவும் இருப்பவரையே நூல்கள் ஆப்தர் என்றன. ஒரே படத்துக்கு ஒரு கதிரியல் மருத்துவர் 3 என்றும் மற்றொருவர் 4 என்றும் எண் தருவது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. கணினி நிரல்கள் இவ்வேறுபாட்டைத் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு: 2024இல் வெளியான பை-காய் ஆய்வில், 400 பேரின் படங்களைப் படித்த 62 கதிரியல் மருத்துவர்களின் சராசரியைவிட ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் மேம்பட்டு நின்றது. அன்றாட மருத்துவத்தில் நோயாளியின் முழு வரலாற்றோடு எழுதப்பட்ட அறிக்கைகளுக்கு அது தாழ்ந்ததன்று என்பதை மட்டும் அவ்வாய்வால் நிறுவ முடியவில்லை. நிரல் ஒரு கருதற்கருவியாக வளரலாம். ஆப்தராக இருப்பதற்கு, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும்.

ஆகவே எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும், அவருக்காக வாங்கும் மகனும் மகளும், மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: படத்தின் தரம் எப்படி; எண் எது, எந்தப் பகுதியில், எந்தப் படத்தை முதன்மையாகக் கொண்டு அது தரப்பட்டது; ஊசி வேண்டும் அல்லது வேண்டாம் என்ற முடிவில் எந்த வகைப் புற்று பொருட்படுத்தத்தக்கது என்று கொள்ளப்பட்டது. இவற்றைக் கேட்க நேரம் இருக்கிறது. பரவாத புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்டு, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்ற மூன்றில் ஒன்று சீட்டுக் குலுக்கியதுபோல ஒதுக்கப்பட்ட 1,643 பிரிட்டானிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்த புரொடெக்ட் ஆய்வில், சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் அப்புற்றால் இறந்திருந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 45 பேர்.